விசையை அழுத்தும் கை: ‘கோதம் சென்ட்ரல்’ படக்கதைத் தொடரில் காவலரும் மீநாயகனும்

முன்னுரை

படக்கதை ஆய்வு தமிழ் ஆய்வுலகில் இன்னும் திண்ணையிலேயே நிற்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொணர்ந்த நாள்முதல் மூன்று தலைமுறைத் தமிழ்ச் சிறார் அவ்வகைக் கதைகளில் வளர்ந்துள்ளனர். எனினும் அவற்றை இலக்கியமாகக் கொண்டு வினாவும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. புலம்பெயர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நெடுங்காலம் ஒப்பிலக்கியம் கற்பித்துவரும் நான், மாணவர் வற்புறுத்தலால் படிக்க நேர்ந்த நூல்களுள் ஒன்று ‘கோதம் சென்ட்ரல்’. பேட்மேன் வாழும் நகரத்தின் சாதாரணக் காவலர்களைக் கதைமாந்தராகக் கொண்ட தொடர் அது. ஆற்றல்மிக்க ஒருவன் சட்டத்திற்கு வெளியே நின்று நீதி வழங்கும் ஊரில், சட்டத்திற்கு உள்ளே நின்று சம்பளத்திற்கு உழைப்பவரின் நிலை யாது என்னும் வினாவை அத்தொடர் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரின் அமைப்பு

பேட்மேன் 1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் தோன்றினார். அதே இதழில் காவல் ஆணையர் கார்டனும் தோன்றினார். ஆகவே இந்நாயகனும் காவலரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் எனலாம். ஆயினும் அடுத்த அறுபது ஆண்டுகளில் காவலர் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றனர். நாயகன் வருமுன் தோற்பதும், வந்தபின் வியப்பதும், போனபின் கைவிலங்கு பூட்டுவதுமே அவர்தம் பணி.

இவ்வழக்கை ‘கோதம் சென்ட்ரல்’ புரட்டிப் போட்டது. எட் புரூபேக்கர், கிரெக் ரக்கா ஆகிய இருவர் எழுத, மைக்கேல் லார்க் முதலில் வரைய, 2003 முதல் 2006 வரை 40 இதழ்கள் வெளிவந்தன. நகரக் காவல்துறையின் பெருங்குற்றப் பிரிவே கதைக்களம். அதன் பகல் முறைக் காவலர் கதைகளை ரக்காவும், இரவு முறைக் காவலர் கதைகளைப் புரூபேக்கரும் பெரும்பாலும் எழுதினர். சில பெருங்கதைகளை இருவரும் இணைந்து எழுதினர்.

தனி நாயகனின்றி ஒரு காவல் நிலையத்தையே மாந்தனாகக் கொள்ளும் மரபு அமெரிக்கக் குற்றப் புனைவில் புதியதன்று. எட் மெக்பெய்னின் 87ஆம் சரக நாவல்கள் 1956 முதலும், ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொலைக்காட்சித் தொடர் 1981 முதலும் அதனை நிலைநாட்டின. இத்தொடர் அம்மரபை மீநாயகரின் நகரில் கொண்டுவந்து வைத்தது. அங்ஙனம் வைத்தவுடன் இரு மரபுகளும் ஒன்றையொன்று வினாவத் தொடங்குகின்றன.

ஓவியமும் இதற்குத் துணைநிற்கிறது. லார்க்கின் கோடுகள் மங்கிய அலுவலக வெளிச்சத்தையும், நீர்க்கறை படிந்த சுவரையும், உறக்கமிழந்த முகத்தையும் பொறுமையுடன் காட்டுகின்றன. பேட்மேனோ கட்டத்தின் ஓரத்தில் நிழலாக வந்து, முழுவுருவம் காட்டாமலே மறைகிறார். பிற இதழ்களில் பக்கத்தை நிறைப்பவர் இங்கே பக்கத்தின் விளிம்பில் நிற்கிறார்.

பொழுது சாயுமுன்

முதற்கதையே தொடரின் சிக்கலை முழுமையாக முன்வைக்கிறது. காணாமற்போன சிறுமி ஒருத்தியின் வழக்கில் துப்புத் தேடி, மார்கஸ் டிரைவர், சார்லி ஃபீல்ட்ஸ் என்னும் இரு துப்பறிவாளர் ஒரு கதவைத் தட்டுகின்றனர். உள்ளே இருப்பவன் பனிக்கருவி ஏந்திய மிஸ்டர் ஃப்ரீஸ். ஃபீல்ட்ஸ் கொல்லப்படுகிறார். உயிர்பிழைத்த டிரைவரும் அவர்தம் தோழரும் ஒன்றை விரும்புகின்றனர்: தம்முள் ஒருவனைக் கொன்றவனைத் தாமே பிடிக்க வேண்டும், அதுவும் பொழுது சாயுமுன். இருட்டிவிட்டால் கூரையில் வௌவால் ஒளிக்குறி ஏற்றப்படும். அதன்பின் வழக்கு அவர்களுடையதன்று.

பொதுவாகக் குற்றப் புனைவில் காலக்கெடுவை விதிப்பவன் குற்றவாளி. குறித்த நேரத்தில் குண்டு வெடிக்கும், பிணைக்கைதி இறப்பான் என்பது போல. இங்கே காலக்கெடுவாக நிற்பது மீட்பனின் வருகை. காவலர் அஞ்சுவது தோல்விக்கு மட்டுமன்று. தம் துயரத்தையும் பொறுப்பையும் வேறொருவர் எடுத்துக்கொள்வதற்கும் அஞ்சுகின்றனர். இறுதியில் ஒளிக்குறி ஏற்றப்படுகிறது, ஃப்ரீஸ் பிடிபடுகிறான். நகரம் காக்கப்பட்டது என்று மகிழ வேண்டிய இடத்தில் வாசகன் டிரைவரின் கசப்பையே சுமந்து செல்கிறான்.

இதனை வெறும் தன்மானச் சிக்கலாகக் கொள்வார் உளர். அது போதாது. முதற்கதையை அடுத்துவரும் கதையில் டிரைவர் மீண்டும் அச்சிறுமியின் வழக்குக்கே திரும்புகிறார். ஃபீல்ட்ஸ் விட்டுச்சென்ற கடைசி வழக்கு அது. பனிக்கருவி ஏந்தியவனை வீழ்த்த வௌவால் மனிதன் வருவான். ஓர் எளிய குடும்பத்தின் மகளுக்கு என்ன நேர்ந்தது என்று வீடு வீடாகச் சென்று கேட்பதற்கோ அலுவலகக் காவலர் வேண்டும். வியத்தகு குற்றம் நாயகனுக்கு உரியது. சாதாரணத் துயரம் காவலருக்கு உரியது. இப்பங்கீட்டில் அறத்தின் எடை எப்பக்கம் என்பதைத் தொடர் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனினும் கதைகளின் வரிசையே விடையை உணர்த்துகிறது.

தற்காலிகப் பணியாளரின் விரல்

தொடரின் 11ஆம் இதழ் அளவிற் சிறியது, கருத்திற் பெரியது. ஸ்டேசி என்னும் இளம்பெண் காவல் நிலையத்தில் தற்காலிக அலுவலகப் பணியாளர். கூரைமேல் உள்ள ஒளிக்குறியின் விசையை அழுத்துவது அவர் பணிகளுள் ஒன்று. காரணம் எளிது. பேட்மேன் என ஒருவர் உண்டு என்பதையே நகர நிருவாகம் அலுவல்முறையில் ஏற்பதில்லை. ஆகவே சட்டத்தின் கையாளரான காவலர் எவரும் அவரை அழைத்தல் ஆகாது. காவலர் அல்லாத ஒருவர் விசையை அழுத்தினால் அரசுக்குப் பொறுப்பில்லை.

அரசு அலுவலகத்தில் பணியாற்றிய எவரும் இதனைப் படித்து நகைப்பர், நகைத்தபின் சிந்திப்பர். சட்டமீறல் நிகழவேண்டும், ஆனால் அது யார் கையாலும் நிகழ்ந்ததாக இருத்தலாகாது. அதற்கென ஊதியம் குறைந்த, நிலையற்ற பணியிலுள்ள ஒருவரின் விரல் கண்டெடுக்கப்படுகிறது. மீநாயகக் கதைகளின் மிகப் புகழ்பெற்ற படிமமான அவ்வானொளி, இங்கு ஒரு பொறுப்புத் துறப்பின் சின்னமாகிவிடுகிறது. 25ஆம் இதழில் ஆணையர் ஏக்கின்ஸ் அவ்விளக்கையே கூரையிலிருந்து அகற்றச் செய்கிறார். அகற்றியபின்னும் நகரம் நாயகனைச் சார்ந்திருப்பது நீங்கவில்லை. விளக்கு மட்டுமே நீங்கியது.

மோன்டோயாவின் பாதி வாழ்வு

6 முதல் 10 வரையிலான இதழ்களில் வந்த ‘பாதி வாழ்வு’ என்னும் கதை 2004இல் சிறந்த தொடர்கதைக்கான ஐஸ்னர் விருது பெற்றது. ரெனே மோன்டோயா டொமினிக்கன் குடியரசிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். பெண்ணொருத்தியுடன் தான் கொண்ட காதலை வீட்டிற்கும் பணியிடத்திற்கும் மறைத்து வாழ்பவர். அவர் தம் காதலியை முத்தமிடும் நிழற்படம் காவல் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. அதனைத் தொடர்ந்து கொலைப்பழியும் அவர்மேல் விழுகிறது. எல்லாம் டூ-ஃபேஸ் என்னும் ஹார்வி டென்ட்டின் செயல். மோன்டோயாவிடமிருந்து அனைத்தையும் பறித்துவிட்டால் தானே அவருக்கு எஞ்சுவான் என்பது அவன் கணக்கு.

முடிவில் பேட்மேன் வருகிறார், டென்ட் வீழ்கிறான். கொலைப்பழி நீங்குகிறது. ஆனால் பெற்றோரின் கதவு மூடியே இருக்கிறது. வல்லவன் ஒருவன் வில்லனை வீழ்த்தலாம். தந்தையின் மனத்தைத் திருப்ப அவனால் இயலாது. மீநாயக வகைமையின் எல்லை எங்கு முடிகிறது என்பதை இதனினும் துல்லியமாகக் காட்டிய கதையை நான் அறியேன். குடியேறிய குடும்பத்தில், பெற்றோரின் உழைப்பிற்குக் கைம்மாறாகப் பிள்ளைகள் தம் உண்மையை ஒளித்துவைக்க நேரும் அவலத்தைப் புலம்பெயர் தமிழர் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. என் வகுப்பில் இக்கதையைப் பற்றிப் பேசாமல் அமைதியாக இருந்த மாணவரே அதனை நன்கு புரிந்துகொண்டவர் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

ஒரு தோட்டாவின் வரலாறு

தொடரின் மையம் என நான் கருதுவது காரிகன் கதைகளாகும். ஜிம் காரிகன் தடயவியல் பிரிவைச் சேர்ந்தவன். குற்றவிடத்தில் கிடைக்கும் பொருள்களைத் திருடி விற்பவன். மோன்டோயாவின் இணைக்காவலர் கிறிஸ்பஸ் ஆலன் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் சுட நேர்கிறது. அவரது குற்றமின்மையை நிறுவவல்ல தோட்டா காணாமற்போகிறது. அதனை எடுத்தவன் காரிகன். மோன்டோயா அவனை அடித்து உதைத்து உண்மையைக் கறந்து, தோட்டாவை மீட்டு, தோழரைக் காக்கிறார்.

வேறொரு கதையில் இது வெற்றியாகவே முடிந்திருக்கும். பேட்மேன் இரவுதோறும் செய்வதும் இதுவே: அடித்துக் கேட்பது. ஆனால் மோன்டோயா அடித்ததனாலேயே காரிகன்மேல் சட்டப்படி எடுக்கவேண்டிய நடவடிக்கை பாழாகிறது. அவன் பணியில் நீடிக்கிறான். பின்னர், தம்மைக் காத்த செயலே அவனையும் காத்தது என்றறிந்த ஆலன் அவனைப் பற்றித் தாமே மறைவாக ஆராயத் தொடங்குகிறார். காரிகன் அவரைச் சுட்டுக் கொல்கிறான். இறுதி இதழில் மோன்டோயா காரிகனைத் தேடிச் சென்று அடித்து வீழ்த்தித் துப்பாக்கியை நீட்டுகிறார். சுட இயலாமல் திரும்புகிறார். பின்னர்ப் பணியைத் துறக்கிறார். தொடர் அங்கு முடிகிறது.

காரணமும் விளைவும் கண்ணிகளாகக் கோக்கப்பட்ட இக்கதையில் தொடரின் வாதம் வெளிப்படுகிறது. நாயகனின் வழிமுறை நாயகனோடு நின்றுவிடுவதில்லை. அருகில் இருப்போருக்கும் பழக்கமாகிறது. நடைமுறை மெல்ல நகர்வது, சலிப்பூட்டுவது. ஆனால் அதனைத் தாண்டிக் குதிப்பவன் எதனைத் தாண்டினான் என்பது பின்னரே தெரியும். அதற்குரிய விலையை இங்குக் கொடுத்தவர் ஆலன்.

சிலம்பின் ஊர்காப்பாளர்

இவ்விடத்தில் தமிழ் வாசகர் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினையாதிருத்தல் அரிது. பொற்கொல்லன் சொற்கேட்டு அரசன் ஆணையிட, ஊர்காப்பாளர் கோவலனைக் காண்கின்றனர். இவன் தோற்றம் கள்வனுடையதன்று என அவர்கள் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் கருவிகளை எண்ணிக் காட்டி விரிவுரை நிகழ்த்துகிறான். காவலருள் இளையவன் ஒருவன் தான் கள்வனிடம் பட்ட பாட்டையும் அரசனின் சினத்திற்கு அஞ்சவேண்டியதையும் கூறுகிறான். அதற்குள் கல்லாத ஒருவன் வாளோச்சிவிடுகிறான். சான்று எது என்று எவரும் அங்குச் சோதிக்கவில்லை. சிலம்பின் பரல் சோதிக்கப்படுவது வழக்குரை காதையில், கோவலன் இறந்தபின்.

இரு நூல்களுக்கும் தொடர்பு கற்பிப்பது என் கருத்தன்று. அரசன் பிழையெனவும் ஊழ்வினை எனவும் இக்காதையை விளக்கிய நாம், தயங்கிய அக்காவலர்மேல் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதே நான் சுட்ட விரும்புவது. இளங்கோவடிகள் அவர்களுக்குப் பேச்சு அளித்துள்ளார், ஐயம் அளித்துள்ளார், அச்சமும் அளித்துள்ளார். ஆணைக்கும் கண்ணெதிர் உண்மைக்கும் இடையில் நிற்கும் கடைநிலைக் காவலனின் நெஞ்சம் தமிழ்க் காப்பியத்திற்கு அயலானதன்று.

தொடரின் வரம்புகள்

குறைகளும் உள. காவலர் பார்வையிலேயே கதை நிகழ்வதால், காவலரால் துன்புறும் குடிமக்களின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது. ஊழல் பெரும்பாலும் காரிகன் போன்ற தனிமனிதர் வடிவில் வருகிறது. அவரைப் பேணும் அமைப்பு அவ்வளவு கூர்மையாக ஆராயப்படவில்லை. வெளியுலகின் பெருநிகழ்வுகளோடு தொடரைப் பிணைக்கும் சில இதழ்கள் அதன் நிதானத்தைக் குலைக்கின்றன.

இவற்றினும் பெரிய முரண் தொடர் முடிந்தபின் நிகழ்ந்தது. பதிப்பகத்தின் பிற வெளியீடுகளில் இறந்த ஆலன் ‘ஸ்பெக்டர்’ என்னும் தெய்வ ஆற்றலின் உறைவிடமாக்கப்பட்டார். மோன்டோயா முகமற்ற ‘குவெஸ்சன்’ என்னும் முகமூடி நாயகியானார். ஆற்றல் ஏதுமின்றி வாழ்ந்ததனாலேயே நம் மதிப்பைப் பெற்ற இருவரை, அவ்வகைமை தன் முகமூடிகளுக்குள் இழுத்துக்கொண்டது. சாதாரண மனிதரைச் சாதாரணராகவே விட்டுவைக்க அவ்வுலகால் இயலவில்லை. இத்தொடர் எதற்கு எதிராக எழுதப்பட்டதோ அதன் வலிமையை இதுவே காட்டுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, ‘கோதம் சென்ட்ரல்’ நாயகனைக் கீழிருந்து நோக்கும் புதுமையோடு அமையாது, நாயகனைச் சார்ந்து வாழ்வதன் விலையைக் கணக்கிடுகிறது. இரண்டாவது, அவ்விலையைச் செலுத்துவோர் ஃபீல்ட்ஸ், ஸ்டேசி, மோன்டோயா, ஆலன் போன்ற ஊதியப் பணியாளரே என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, சான்றைப் பேணுதல் என்னும் சிறு நடைமுறையில் அறம் குடிகொண்டுள்ளது என்பதை நிறுவுகிறது.

மீட்பனுக்காக வானை நோக்குதல் எல்லாச் சமூகங்களுக்கும் பொது. திரையிலும் அரசியலிலும் அவ்வழக்கத்தை நன்கறிந்த தமிழ்ச் சமூகம், விளக்கின் ஒளியைக் காண்பதோடு அதன் விசையை அழுத்தும் விரலையும் காணப் பழகுதல் நலம். அத்தகைய வாசிப்புக்கு உரிய களங்களாகத் தமிழில் வெளிவந்துள்ள படக்கதைகளையும் ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.