பக்தி போகுமா?

மனிதன் என்றைக்காவது மதநம்பிக்கையைக் கழற்றிப் போட்டுவிடுவானா என்று கேட்கிறவர்கள், அநேகமாகப் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் அப்படித்தான். 1927-ல் லண்டனில் செய்த ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்ற பிரசங்கத்தில், மதத்துக்கு வேர் பயம் என்றார். விஞ்ஞானம் பயத்தைப் போக்கப் போக, பக்தியும் வாடிவிடும் என்பது அந்த வாதத்தின் போக்கு. நம் சுயமரியாதைக்காரர்கள் அதைத் தமிழாக்கிப் பலபேர் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

நல்ல வாதந்தான். காவேரிக் கரையில் வைத்துப் பார்த்தால் அது சரியாக நிற்கவில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பயம் என்றால் ஆறுதான். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். 1924-ல் பெருவெள்ளம். மறு வருஷம் இரண்டு காரியங்கள் தொடங்கின. மேட்டூரில் அணை வேலை ஆரம்பித்தது; ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. ஒன்று ஆற்றுப் பயத்தைப் போக்க. மற்றது சாமி பயத்தைப் போக்க. 1934-ல் அணை முடிந்து, 93 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் தேக்க இடம் உண்டாயிற்று. ஜூன் 12-ல் மதகு திறந்தால் குறுவை நிச்சயம் என்ற தைரியமும் வந்தது. ரஸ்ஸல் கணக்குப்படி ஆடிப் பதினெட்டு அன்றோடு மங்கத் தொடங்கியிருக்க வேண்டும். காவேரிக்கு மசக்கை என்று சித்திரான்னம் கிளறிக்கொண்டு போகிற பெண்கள், காதோலை கருகமணியை மராமத்து இலாகா எஞ்சினீயருக்கல்லவா வைத்திருக்க வேண்டும்?

மங்கவில்லை. ஆற்றில் வெறும் மணல் கிடந்த வருஷங்களில்கூட, ஆழ்குழாய்த் தண்ணீரில் சடங்கை முடித்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, 2018-ல் சுப்ரீம் கோர்ட் எத்தனை டி.எம்.சி. என்று தீர்த்தது என்பதெல்லாம் பேப்பர் படிக்கிற வீடுகளில் தெரிந்த சங்கதி. தெரிந்துகொண்டே கும்பிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வருஷத்தில் ஒரு நாள், வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அடுப்பை விட்டு வந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட வேறு என்ன சாக்கு இருக்கிறது அவர்களுக்கு?

மன்னார்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் உண்டு. அசல் நாத்திகர். பதினெட்டன்று மனைவியின் கூடையைச் சைக்கிளில் வைத்து ஆற்றங்கரை வரை தள்ளிக்கொண்டு வருவார். “என்ன அண்ணே, நீங்களுமா?” என்றேன். “கூடை கனம் தம்பி. அது மட்டும் உண்மை” என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் திருவாரூர்த் தேரையும் யோசித்துப் பார்க்கலாம். 96 அடி உயரம், 300 டன் கனம் என்பார்கள். 1926-ல் பழைய தேர் எரிந்துபோய், மறுபடி கட்டினார்கள். அந்தத் தேரும் 1948-க்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நிலையிலேயே நின்றது. அது மறுபடி ஓடியது 1970-ல். ஓட வைத்தவர் கடவுள் இல்லை என்று சொல்லும் இயக்கத்தில் வளர்ந்த முதலமைச்சர் கருணாநிதி. இரும்பு அச்சும் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலையின் வேலை. பின்னாலிருந்து தள்ளுவதற்குப் புல்டோசர். ஓட்டுக்காகச் செய்தார் என்பார்கள். இருக்கட்டுமே. அந்த வீதிகளில் படித்து வளர்ந்தவருக்குத் தேர் நிற்பது ஊரே நிற்பதுபோல்தான் இருந்திருக்கும். அந்த உணர்ச்சிக்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பதா, வேறு பெயர் வைப்பதா என்பதில்தான் ரஸ்ஸலின் வாதம் இடறுகிறது.

ஐரோப்பாவில் மாதாகோயில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வருவது வாஸ்தவம். அங்கே பென்ஷனும் ஆஸ்பத்திரியும் சர்க்கார் பொறுப்பு. அது ரஸ்ஸலுக்குச் சாதகமான சாட்சிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் மதம் என்பது தேர் எந்த வீதியில் திரும்புகிறது, எந்த வீதியில் திரும்பாது, முதல் மரியாதை யாருக்கு, கர்ப்பக்கிருகத்துக்குள் கால் வைக்க யார் பிறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்தது. பெரியாருக்கு இது ரஸ்ஸலைவிட நன்றாகத் தெரியும். அவர் அடித்தது பயத்தை என்பதைவிட அவமானத்தை என்பதே சரி. சுயமரியாதை என்று பேர் வைத்ததிலேயே அது இருக்கிறது. புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு 1967-ல் சட்டம் வந்தது. சாமி இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன அந்த மனிதரே, கடைசிக் காலத்தில், 1973-ல் சாகிற வரைக்கும், எல்லா ஜாதிக்காரனும் அந்தச் சாமியைத் தொட்டுப் பூஜை பண்ண உரிமை வேண்டும் என்று மன்றாடினார். முரண்பாடு என்று இதைக் கேலி செய்தவர்கள், கதவுக்கு உள்ளே நிற்கிறவர்கள்.

சட்டம், வழக்கு, மறுபடி சட்டம், மறுபடி வழக்கு. 2007-ல் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்து, மந்திரமும் ஆகமமும் கற்றவர்களில் பெரும்பாலோர் 2021 ஆகஸ்டு வரை காத்திருந்தார்கள். அப்போதும் அவர்களில் 24 பேருக்குத்தான் நியமனம். காத்திருந்த வருஷங்களில் அவர்கள் என்னென்ன வேலை பார்த்தார்கள், வீட்டில் யாரும் கேட்காதபோது அந்த மந்திரங்களைத் தமக்குள் சொல்லிக்கொண்டார்களா, எந்தச் சாமியை நினைத்துச் சொன்னார்கள் என்று எனக்கு அறிய ஆசை. ஆஸ்திகரும் நாத்திகரும் இவர்களைப் பற்றி ஏராளமாகப் பேசிவிட்டார்கள். இதை அவர்களிடமே போய்க் கேட்டு எழுத ஒரு கதைக்காரன் வேண்டும்.