குருகைக் காணோம்
குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. புரியலைன்னு தங்கை கேட்டாள். ஆபீஸ் மெயில்களைச் சுருக்கித் தரும் அதே செயற்கை நுண்ணறிவிடம் ‘எளிய தமிழில் சொல்’ என்று கொடுத்தேன். ‘காதலன் ஏமாற்றினால் என்ன செய்வது, சாட்சி யாருமில்லையே என்று தலைவி கவலைப்படுகிறாள்’ என்றது. தப்பே இல்லை. ஆனால் குருகைக் காணோம்.

அவன் அவளைச் சேர்ந்த அன்றைக்கு அங்கே இருந்தது ஒரு குருகுதான். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை. அவளுடைய பயம் முழுக்க அந்தப் பறவையில்தான் இருக்கிறது. இயந்திரத்துக்கு அது கூடுதல் தகவல், வெட்டிவிட்டது.

உ.வே.சா. 1937 பதிப்பில் பாட்டை அப்படியே வைத்துவிட்டுத்தான் பதவுரை தந்தார். நானும் இப்போது ‘சொல்லுக்குச் சொல் பொருள் கொடு, பாட்டைத் தொடாதே’ என்றுதான் கேட்கிறேன். அதிலும் தப்பு வரும். அகராதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். குருகாவது மிஞ்சும்.