கறுப்பு-சிவப்புப் பானையை எப்படிப் பார்ப்பது?

அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளைச் சுற்றி நிற்கும் கூட்டம், பானை ஓடுகள் இருக்கும் அலமாரியை ஒரே நடையில் கடந்துவிடும். கறுத்த ஓட்டில் பார்க்க என்ன இருக்கிறது? நேரே நின்றால் ஒன்றுமில்லைதான். சற்றுக் குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் நகருங்கள். பளபளப்புக்குள் மெல்லிய பட்டைகள் தெரியும். அரைகுறையாகக் காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் தேய்த்த கையின் தடம் அது.

இந்த மெருகு இங்கே மிகப் பழையது. மைசூருக்குப் பக்கத்தில், கபினி காவிரியில் கலக்கும் திருமகூடலு நரசிப்பூரில் மைசூர் பல்கலைக்கழகத்தின் எம். சேஷாத்ரி 1960களில் அகழ்ந்தபோது மெருகேற்றிய புதிய கற்காலச் சாம்பல்நிற மட்கலங்கள் கிடைத்தன. கறுப்பு-சிவப்புப் பானை இரும்புக் காலத்தில் பெருகியது. 1947இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த பிரம்மகிரியிலும், நம் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் அதைக் காணலாம்.

அடுத்து, உள்ளே எட்டிப் பாருங்கள். உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு. வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. இது பூசிய வண்ணமல்ல. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருப்பார்கள் என்பது பரவலான விளக்கம்: காற்றுப் பட்ட இடம் சிவந்தது, புகை அடைந்த இடம் கறுத்தது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் எனக்குப் பிடித்த இடம். அது நேர்கோடாக ஓடுவதே இல்லை. இங்கே ஏறும், அங்கே பழுப்பாகக் கரையும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சான் இல்டெஃபோன்சோ பியூப்லோ என்ற பழங்குடிக் கிராமத்தில், குயவர் மரியா மார்ட்டினெஸும் கணவர் ஜூலியனும் 1919 வாக்கில் இதே புகையை வேறு விதமாக ஆண்டார்கள். மரியா மெருகேற்றிய பரப்பில் ஜூலியன் களிமண் குழம்பால் சித்திரம் தீட்டுவார். பிறகு, எரியும் நெருப்பை எருத்தூளால் மூடுவார்கள். பானை முழுக்கக் கறுக்கும். தீட்டிய இடம் மட்டும் மினுங்காது. கறுப்பின்மேல் கறுப்புச் சித்திரம்!

நம் ஓடுகளில் தேடவேண்டியது கீறல்களை. கோட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். ஈரமண்ணில் கீறியிருந்தால் ஓரம் மழுங்கி, சற்றே மேலெழுந்திருக்கும். சுட்டபின் கீறியிருந்தால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். குறியீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஆக, கீறியவர் குயவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பானையை வாங்கியவராகவும் இருக்கலாம். கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயரைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆதிச்சநல்லூர்ப் பானைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. எங்கே போனாலும் முழுப் பானையோடு நிற்காமல் உடைந்த ஓட்டையும் தேடுங்கள். கறுப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை உடைந்த விளிம்பில்தான் பார்க்கமுடியும்.