விரலின் விசையும் மலையின் ஈரமும்: ஃபிளிப்பர் மடக்குக் கத்தி ஒரு மதிப்பீடு

ஃபிளிப்பர் எனப்படும் மடக்குக் கத்தி, மூடியிருக்கும் நிலையில் பிடியின் முதுகுப்பக்கமாகச் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நாக்கைச் சுட்டுவிரலால் அழுத்தித் திறக்கப்படுவதாகும். அந்த நாக்கு தனி உறுப்பன்று, அலகின் அடிப்பகுதியிலேயே சேர்த்து வெட்டப்பட்டது. அழுத்திய கணத்தில் அலகு முழுவதும் வெளியே சுழன்று பூட்டிக்கொள்வதால் உள்ளே ஒரு சுருள்வில் இருப்பதாகவே பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் கைவிசை ஃபிளிப்பரில் அலகை வெளியே தள்ளும் வில் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் வில்லின் பலத்தில் தானாகப் பாயும் பட்டன் கத்தியும், விரல் தொடங்கிவைத்த அசைவை உள்ளிருக்கும் வில் முடித்துவைக்கும் துணைவிசைக் கத்தியும் வேறு வகைகளைச் சேர்ந்தவை. 1958இல் அமெரிக்காவிலும் 1959இல் பிரித்தானியாவிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் முதன்மையாகக் குறிவைத்தது பட்டன் கத்தியையே.

வில் இல்லாத கத்திக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கருவியின் சுவையான பகுதி. அலகைத் திறந்த நிலையில் பூட்டி வைக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் உட்பக்கத்தில் கடுகளவான ஓர் உருக்குக் குண்டோ பீங்கான் குண்டோ பதிக்கப்பட்டிருக்கும். அலகின் அடியில் அதற்கு நேராக ஒரு சிறு குழி துளைக்கப்பட்டிருக்கும். கத்தி மூடியிருக்கும்போது குண்டு குழிக்குள் அமர்ந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. டிடென்ட் எனப்படும் இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் கத்தி சட்டைப்பைக்குள்ளேயே திறந்துவிடும். விரல் நாக்கை அழுத்தத் தொடங்கும்போது அலகு உடனே அசைவதில்லை; அழுத்தம் ஏற ஏற விரலின் தசையிலேயே விசை தேங்கி நிற்கிறது. ஒரு கட்டத்தில் குண்டு குழியின் விளிம்பைத் தாண்டி வெளியேறியதும் எதிர்ப்பு திடீரெனக் குறைய, தேங்கிய விசை அத்தனையும் ஒரே உதறலாக அலகின்மீது இறங்குகிறது. நாக்கு சுழலச்சுக்கு மிக அருகிலும் அலகின் எடை அதைவிடத் தொலைவிலும் இருப்பதால் விரலின் சிறு அசைவு அலகின் நுனியில் பெரும் வீச்சாகிறது. விரல் விலகிய பின்னும் எஞ்சிய தூரத்தை அலகு தன் உந்தத்தாலேயே கடந்து, நிறுத்துமுளையில் மோதி நிற்க, பூட்டுத்தகடு அதன் பின்னால் நுழைந்துகொள்கிறது.

ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது, பலரும் கருதுவதுபோல, சுழலச்சின் வழுக்கல் மட்டுமன்று; தடையின் அளவே முதன்மையானது. தடை மெலிந்திருந்தால் விசை தேங்குமுன்பே குண்டு விடுபட்டு, அலகு பாதிவழியில் சோர்ந்து நின்றுவிடும். தடை மிகுந்திருந்தால் விரல்நுனி நோகும். நல்ல ஃபிளிப்பரை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: மணிக்கட்டை உதறாமல், கையை அசையாது வைத்து, விரலால் மட்டும் திறந்துபார்ப்பது. மணிக்கட்டின் உதறல் மெலிந்த தடுப்பின் குறையை மறைத்துவிடும். நல்ல கத்தியும் சிலர் கையில் அடம்பிடிப்பதற்குக் காரணம் வேறு: மற்ற விரல்கள் தம்மை அறியாமல் பூட்டுத்தகட்டை அழுத்திக் குண்டைக் குழிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுகின்றன. பிடியின் பக்கத்தகடே பூட்டாக அமையும் வகையில் இது அடிக்கடி நேரும்.

இவ்வமைப்பை 1990களின் பிற்பகுதியில் பரவலாக்கியதில் அமெரிக்கக் கத்தி வினைஞர் கிட் கார்சன் வடிவமைத்த எம்16 வரிசைக்குப் பெரும்பங்குண்டு. அலகில் நீட்டிய நெம்புகோலை அழுத்தித் திறக்கும் எண்ணமோ இன்னும் பழையது. பூட்டே இல்லாத ஜப்பானிய ஹிகோனோகாமி கத்தியில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணப்படுகிறது.

இக்கருவி இலங்கையின் மலையகத்துக்கு எந்த அளவு பொருந்தும்? நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் கத்தி என்றதும் நினைவுக்கு வருவது மடக்குக் கத்தியன்று, கவ்வாத்துக் கத்தியே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்துக்கு எடையும் நீண்ட வீச்சும் வேண்டும். சட்டைப்பைக் கத்தி அங்கே விளையாட்டுப் பொருள்தான். கொழுந்து பறிப்பவருக்கோ இரண்டு கைகளே கருவிகள். ஃபிளிப்பருக்குப் பொருத்தமான இடம் நாற்றுமேடை. 1925இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பரப்பிய பதிய இனப்பெருக்க முறையில், ஓர் இலையும் அதன் கணுவும் கீழே சிறு தண்டும் கொண்ட துண்டுகள் சாய்வாக வெட்டி நடப்படுகின்றன. தண்டை நசுக்காத கூரிய அலகும், மறுகையில் கிளையைப் பிடித்தபடியே ஒரே கையால் திறக்கும் வசதியும் அங்கே உண்மையில் பயன்படும். லீக்ஸும் கரட்டும் பயிரிடும் மரக்கறித் தோட்டத்தில் உரமூட்டையின் தையலையும் சணல் கயிற்றையும் அறுக்கவும் இது போதும். இவற்றுள் எந்த வேலையும் அலகு அரை வினாடி முந்தித் திறப்பதால் சிறப்பதில்லை. விளம்பரங்கள் வேகத்தைப் பேசுகின்றன. மலையில் பயன்தருவது ஒருகை வசதிதான்.

இந்த மண்ணில் கத்திக்கு உண்மையான சோதனை ஈரமே. விலையும் தரமும் ஓரளவு ஒத்துவருவதால் உலகெங்கும் அதிகம் பேசப்படும் சிவிவி எலிமென்டம் என்ற சீனத் தயாரிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் அலகு, கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து அழுத்திய ஜி10 பிடி, சுழலச்சில் பீங்கான் குண்டுகளால் ஆன பேரிங் ஆகியவற்றுடன் வரும் இக்கத்தி, அளவான தடுப்பும் தங்குதடையற்ற சுழற்சியும் அமைந்தது. ஆனால் அதன் தொடக்க வடிவத்தின் அலகு டி2 உருக்கால் ஆனது. ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் இருந்தும், அதில் பெரும்பகுதி கரிமத்துடன் சேர்ந்து கடினத்துகள்களாகிவிடுவதால் டி2 முழுமையான துருப்பிடிக்காத உருக்கன்று. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கம் நாட்கணக்கில் காயாத காற்றில், துடைக்காமல் வைத்த அலகில் செம்புள்ளிகள் தோன்றிவிடும். இதற்குமேல் தேயிலைச் சாறு வேறு. அதிலுள்ள பொலிபீனோல்கள் இரும்புடன் வினைபுரிந்து கருநீலக் கறையாகப் படிகின்றன. கறை அலகைக் கெடுப்பதில்லை. ஆனால் சாறு காய்ந்து பிசுபிசுப்பாகச் சுழலச்சுக்குள் இறங்கினால், விரல் சேர்த்த விசை பாதிவழியிலேயே தீர்ந்துபோகும். ஆகவே இதே கத்தியில் 14சி28என் போன்ற துருப்பிடிக்காத உருக்கு அலகுடன் வரும் பிற்கால வடிவங்களே மலையகத்துக்கு ஏற்றவை.

பேரிங்கைப் பற்றியும் ஒரு மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு. குண்டுகளின் இடைவெளிகளில் செம்மண் துகள் புகுந்தால், ஓசையின்றிச் சுழன்ற அலகு நறநறக்கத் தொடங்கும். நட்சத்திரத் தலைத் திருகாணியைக் கழற்றிக் கழுவியே ஆகவேண்டும். பழைய முறையிலான வெண்கல வாசர்கள் திறப்பைச் சற்று மந்தமாக்கினாலும், மண்ணைப் பொறுத்துக்கொள்கின்றன. எண்ணெயிடும்போது சமையலறைத் தேங்காயெண்ணெயை நாடுவது இங்கே பெருந்தவறு. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகையை ஒட்டியது. காலைக் குளிரில் அந்தக் கத்தி விரலுக்கு மசியாது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதுமானது.

திறந்த பின் அந்த நாக்குக்கு இரண்டாவது வேலை ஒன்று வாய்க்கிறது. பிடியின் மேற்புறத்திலிருந்து அலகுடன் சுழன்று கீழ்ப்புறம் வந்து, சுட்டுவிரலுக்கும் கூர்விளிம்புக்கும் இடையே காவலாக நின்று, ஈரக்கை வழுக்கி முன்னேறாமல் தடுக்கிறது. மூடுவதில்தான் கவனம் வேண்டும். பூட்டுத்தகட்டைப் பெருவிரலால் ஒதுக்கும்போது அவ்விரல் அலகு மடங்கிவரும் பாதையிலேயே இருக்கிறது. பூட்டு விடுபட்டு அலகு சற்றே மடங்கியதும், கூர்விளிம்பு எட்டுமுன் நாக்கு சுட்டுவிரலின் பக்கத்தில் மழுங்கலாக மோதி நிற்கும். அந்த இடத்தில் பெருவிரலை எடுத்துவிட்டு, பிறகு அலகின் முதுகை அழுத்தி மூடுவதே முறை.