இரண்டு அம்புகள் முகம் பார்த்தால்

பிரித்தானியப் படைக்கு உரிய பொருள் என்றால், அது கூடாரக் கட்டையோ தண்ணீர்ப் போத்தலோ, அதன்மேல் மூன்று கோட்டால் ஆன ஓர் அம்பு குத்தியிருக்கும். துவக்கில் அது பல இடங்களில் இருக்கும்: குழலில், போல்ட்டில், பிடங்கின் மரத்தில். அந்தத் துவக்கு இனிப் படைக்கு வேண்டாம், விற்றுவிடலாம் என்று முடிவானால், இருக்கிற அம்புக்கு நேரெதிரே இன்னோர் அம்பைக் குத்துவார்கள், நுனியும் நுனியும் முட்டுகிற மாதிரி. முகம் பார்க்கிற அந்த இரண்டு அம்புகள்தான் துவக்கின் ஓய்வுப் பத்திரம். படை கழித்துவிட்ட துவக்குகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நான் நாயாற்றுக் கரைக்காரன். கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதி. எங்கள் ஆட்களுக்குத் துவக்கு என்றாலே உடம்பு விறைக்கும். 1984 மார்கழியில் படை சனத்தை வெளியேற்றி இந்தக் கரை ஊர்கள் வெறுமையான கதை தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே இருந்துகொண்டு பழைய துவக்குகளின் அழகைப் பற்றி ஒருவன் எழுதினால் அயலட்டை முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். எனக்குத் துவக்கு ஒரு வாசிப்புப் பொருள்; அதைச் சுட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்தாலும் இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு பழைய துவக்கை வீட்டில் வைத்திருந்தால் அடுத்த கிழமை நீதிமன்றத்தில் நிற்கவேண்டியதுதான்.

சேர்க்கிறவன் என் மாமன் மகன். ஸ்காபரோவில் இருக்கிறான், முறைப்படி உரிமம் எடுத்தவன். வீட்டு நிலவறையில் இரும்புப் பெட்டி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு பூட்டு. நான் கனடா போயிருந்தபோது அதைத் திறந்து ஒரு துவக்கை எடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, மேசையில் வைத்தான். சுற்றியிருந்த எண்ணெய்த் துணியால் நான் அதைத் துடைக்கப் போனேன்.

“டேய் மச்சான், உதைத் துடையாத. நூறு வருசத்து ஊத்தை உது. ஊத்தை போனால் விலையும் போச்சு” என்றான்.

அது ஒரு லீ-என்பீல்ட். எங்கள் பக்கத்தில் பழைய பொலிஸ்காரர் வாயில் ‘திறீ நொட் திறீ’ என்று வந்ததே, அதே இனம். 1971 சித்திரையில் தெற்கில் கிளர்ச்சி வெடித்தபோது இலங்கைப் படையின் கையில் பெரும்பாலும் இருந்ததும் இதுதான். ஸ்கொட்லாந்தில் பிறந்து ஒன்ராறியோவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ செய்த போல்ட்டும் ரவைக்கூடும், லண்டனுக்கு வடக்கே என்பீல்ட் தொழிற்சாலை வெட்டிய குழற்புரியும் சேர்ந்து 1895இல் ஒரு துவக்காயின. 1907இல் வந்த மூன்றாம் மாதிரிதான் பேர் எடுத்தது. நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, பத்து ரவைக் கூடு. ஜேர்மன் மவுசரில் போல்ட்டைத் தொண்ணூறு பாகை தூக்கவேண்டும். இதில் அறுபது போதும். மவுசரில் தூக்கும்போதே வில் இறுகும், கை முரண்டு பிடிக்கும். லீ-என்பீல்டில் வில் இறுகுவது போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது, அதாவது கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற திசையில். ஆகவே தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த ரவை ஏறிவிடும். 1914இல் பிரித்தானியச் சிப்பாய் 300 யார் தூரத்தில் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து குறி வெடி வைக்கப் பழக்கப்பட்டவன். வெறுமையான துவக்கில் மச்சான் அந்த அசைவைச் செய்து காட்டினான். தறிக்காரன் நாடா எறிகிற லாவகம். இரும்பில் இவ்வளவு இணக்கத்தை வைத்தவன் யார் என்று கேட்கத்தான் தோன்றியது. அது எதற்காக வைக்கப்பட்டது என்ற நினைவு பிறகுதான் வந்தது.

ஆனால் பொறியைவிட எனக்குப் பிடித்தது கழுத்து. பிடங்கின் மரம் வந்து இரும்பில் சேரும் இடத்தில், வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்று இடம். அங்கேதான் பிறப்புச் சாட்சி. மேலே ஒரு முடி, அதன்கீழ் அரசனின் எழுத்து, தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாதிரி எண். இங்கிலாந்தில் செய்ததில் ‘ஜி.ஆர்.’ என்று இருக்கும். மச்சானின் துவக்கில் மூன்றாவதாக ஓர் ‘ஐ’ இருந்தது. ஜோர்ஜ் அரசன் இங்கிலாந்துக்கு ராசா மட்டும்தான், இந்தியாவுக்கோ சக்கரவர்த்தி. அந்த ஓர் எழுத்தைக் கண்டதும் தொழிற்சாலையின் பெயரை வாசிக்கத் தேவையில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூர்தான் அது. வெடிமருந்து ஆலையாக இருந்த ஊரில் 1900களின் தொடக்கத்தில் துவக்குத் தொழிற்சாலை எழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே செய்தவற்றில் முடி போய்விட்டது, ‘ஐ’யும் போய்விட்டது. அசோகச் சிங்கங்கள் வந்தன, கீழே ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று தொழிற்சாலையின் மூன்று எழுத்து. அதே இயந்திரம், அதே பட்டறை, பெரும்பாலும் அதே ஆட்கள். அச்சு மட்டும் மாறியது. சாம்ராச்சியம் முடிந்ததை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று நூலும் சொன்னதாக எனக்குத் தெரியாது.

கழித்துவிட்ட துவக்குகளை வரிசையாகப் பார்த்தால் இன்னொன்று தெரியும். துவக்கு எப்போதும் மேலிருந்து கீழே வடியும்: வல்லரசிடமிருந்து குடியேற்ற நாட்டுக்கு, படையிடமிருந்து பொலிசுக்கு, பொலிசிடமிருந்து காவற்காரனுக்கு. ஒவ்வொரு படியிலும் நம்பிக்கை கொஞ்சம் குறைக்கப்படும், அந்தக் குறைப்பு இரும்பிலேயே தெரியும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்று செய்த 1858 மாதிரித் துவக்கில் குழற்புரியை எடுத்துவிட்டார்கள். வெளியே பார்க்க வெள்ளைக்காரன் துவக்கு மாதிரியே இருக்கும், குறி மட்டும் தூரத்தில் தவறும். இருபதாம் நூற்றாண்டில் இஷாப்பூர் அதையே வேறு விதமாகச் செய்தது. இந்தியப் பொலிசுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுக்க நல்ல திறீ நொட் திறீயின் குழலை .410 அளவுக்குப் பெருப்பித்து, ரவைக்கூட்டுக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். பத்து வெடித் துவக்கு ஒற்றை வெடித் துவக்காயிற்று. கலகக்காரன் அதைப் பறித்தாலும் படையின் ரவை அதற்கு உதவாது. அந்த மரக்கட்டையை மச்சான் படத்தில்தான் காட்டினான். தச்சன் அவசரத்தில் சீவியது போல இருக்கும் அந்தச் சின்னக் கட்டையில் ஆள்பவனின் பயம் முழுவதும் இருக்கிறது. ஆயுதக் கலையில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

இஷாப்பூர் எங்கள் காட்டுக்கும் வந்தது. 1962இல் சீனாவோடு மோதியபிறகு இந்தியா பழைய லீ-என்பீல்டையே 7.62 ரவைக்கு ஏற்றபடி திருத்தி, பன்னிரண்டு ரவைக் கூட்டோடு புதிதாகச் செய்தது. பெரிய நாடு ஒன்று தன் ஆட்களுக்கென்று புதிதாக வார்த்த கடைசி போல்ட் துவக்குகளில் அது ஒன்று. கூடவே எஸ்.எல்.ஆரும் அங்கே வந்தது, தானாக அடுத்த ரவையை ஏற்றும் நீளத் துவக்கு. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை எங்கள் மண்ணில் நின்றபோது அதன் தோளில் இருந்தது அது. 1988, 1989இல் நித்திகைக்குளம், அளம்பில் காடுகளைச் சல்லடை போட்டதும் அதோடுதான். சோதனை வரிசையில் நின்றவர்களுக்கு இரும்பை வாசிக்க நேரம் தாராளம். நானும் நின்றேன். இடப்பக்கத்தில் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற மூன்று எழுத்தை அப்போதுதான் முதலில் வாசித்தேன், அது ஓர் ஊரைக் குறிக்கிறது என்று தெரியாமலே.

அதற்கும் வெகு முன்னே முல்லைத்தீவுக் கோட்டையின் கதை இருக்கிறது. 1803 ஆவணி 25இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் அந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். காவலில் இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் ஆட்களோடு கடல் வழியே யாழ்ப்பாணம் போனான். அதே டிறிபேர்க் ஐப்பசி 31இல் திரும்பி வந்து கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்த இடத்தில் நடுகல் நின்றது. எங்கள் நாடகங்களில் பண்டாரவன்னியன் எப்போதும் வாளோடுதான் வருவான், அது மேடைக்கு அழகு. ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் படையின் பொதுத் துவக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் ‘இந்திய மாதிரி’. முக்கால் அங்குலக் குழல், பழைய பிரித்தானியத் துவக்கைவிட மூன்று அங்குலம் கட்டை, செலவும் குறைவு. கிழக்கிந்தியக் கம்பனி தன் சிப்பாய்களுக்கென்று செய்வித்த மலிவு மாதிரி அது. 1790களில் பிரான்சோடு சண்டை மூண்டு துவக்குத் தட்டுப்பாடு வந்தபோது லண்டன் அரசு கம்பனியின் களஞ்சியத்தைத் திறந்து அதையே வாங்கி, பிறகு அதையே தன் படைக்கும் ஆக்கிக்கொண்டது. மேலிருந்து கீழே வடியும் என்று சொன்னேனே, கீழிருந்து மேலே ஏறியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கம்பனித் துவக்கின் பூட்டில் நாலாகப் பிரித்த ஓர் இதய வடிவம் இருக்கும். 1808க்குப் பிறகு நிமிர்ந்து நிற்கும் சிங்கம்.

வன்னியின் சொந்தத் துவக்கோ எந்த முத்திரையும் இல்லாதது. இடியன். ஊர்க் கொல்லன் செய்தது, வாய்வழியே மருந்து இடித்து நிரப்புவது, பன்றியும் யானையும் வயலுக்கு வராமல் காப்பது. கச்சேரியில் அனுமதி எடுத்த ஒற்றைக்குழல் தோட்டாத் துவக்குகளும் சில வீடுகளில் இருந்தன. சண்டை தொடங்கிய காலத்தில் அவற்றில் சில பொலிசுக்கும் சில இயக்கங்களுக்கும் போயின. இடியனைச் சேகரிப்பாளர் மதிப்பதில்லை, எண்ணும் ஆண்டும் இல்லையே என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு தொழிற்சாலை ஆயிரத்தெட்டு முறை செய்த ஒன்றைவிட, ஒரு கொல்லன் ஒரு தரம் செய்தது குறைந்த பொருளா? மச்சானோடு இதில் எனக்கு ஒத்துப்போவதில்லை.

சேகரிப்பாளர் உலகத்தின் பெரிய புதையல் எங்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. காத்மண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை நேபாளப் படையின் ஆயுதக் கிடங்காக இருந்தது. 2003இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் அதில் இருந்ததை மொத்தமாக விலைக்கு வாங்கின. உள்ளே 50,000க்கு மேற்பட்ட பழைய துவக்குகள் நூறு ஆண்டுத் தூசுக்குள் அடுக்கிக் கிடந்தன. கம்பனிக் காலத் துவக்குகள், விக்டோரியா காலத்து மார்ட்டினி-ஹென்றிகள், கேஹேந்திர சம்சேர் ராணா என்ற நேபாளத் தளபதி தானே வரைந்த துவக்குகள். பிரித்தானியா கழித்தது நேபாளத்துக்குப் போய், அங்கே கழித்தது அமெரிக்க வீட்டுச் சுவருக்குப் போனது. இத்தனை துவக்குகள் இமயத்தின் அடியில் தப்பிக் கிடந்ததுதான் விசேஷம்.

அமெரிக்காவுக்கு இதில் பழைய அனுபவம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளில் சாமுவேல் கமிங்ஸ் என்ற வியாபாரி வேர்ஜினியாவில் கிடங்கு போட்டு, உலகப் படைகள் கழித்ததைக் கப்பல் கப்பலாக இறக்கினார். தபாலில் துவக்கு வரும் காலம். 1963இல் கென்னடியைச் சுட்ட துவக்கும் அப்படித்தான் வந்தது: இத்தாலியப் படை கழித்த கர்க்கானோ, தூரக்கண்ணாடியோடு 20 டாலருக்குள். 1968 சட்டம் தபால் வியாபாரத்தை மூடியது.

ரொறன்ரோத் தமிழருக்குப் பக்கத்திலேயே ஒரு தலம் இருக்கிறது, அநேகர் கவனித்ததில்லை. மிசிசாகாவில் ஏரிக்கரை வீதியில் ஒரு பழைய செங்கற் கட்டடம். இன்று ஓவியமும் இசையும் நடக்கும் இடம். போர்க்காலத்தில் லோங் பிராஞ்ச் துவக்குத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடம் அது. ஏறத்தாழ 9 லட்சம் லீ-என்பீல்ட் நாலாம் மாதிரித் துவக்குகள் அங்கே பிறந்தன, செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். கனடாவின் முத்திரையில் அம்பு தனியே நிற்காது, ‘சி’ என்ற எழுத்தின் வயிற்றுக்குள் நிற்கும். வடதுருவக் கரையில் காவல் போகும் கனடிய ரேஞ்சர்கள் அண்மைக்காலம் வரை, 2018 வாக்கில் புதியது வரும்வரை, இந்தத் துவக்கைத்தான் தோளில் போட்டிருந்தார்கள். எண்ணெய் உறையும் குளிரிலும் போல்ட் ஓடும், கரடி வந்தால் கைவிடாது.

கனடாவிலேயே இதற்கு நடந்த அநியாயமும் பெரிது. போர் முடிந்து மலிவாக வந்த துவக்குகளை வாங்கிய வேட்டைக்காரர் முன்மரத்தை அறுத்து, எடை குறைத்து, மான் துவக்காக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது, இறைச்சி வேண்டியவனுக்கு முத்திரை எதற்கு? வெறுக்கவேண்டியது மற்றவனை: மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசி, புதிதுபோல் விற்பவனை. தேய்த்தால் முதலில் போவது மரத்தில் ஆழமில்லாமல் குத்திய எழுத்துகள்தான்: எந்தக் கிடங்கில் பழுது பார்த்தது, எந்த ஆண்டு குழல் மாற்றியது என்பதெல்லாம். இஷாப்பூர் மரத்தில் முன்பகுதி பிளக்காமல் குறுக்கே ஒரு திருகாணி போட்டிருப்பார்கள். அதன் தலையைச் சுற்றி எண்ணெய் ஊறிக் கறுத்த வளையம் இருந்தால் நான் நம்புவேன், வெளுத்திருந்தால் நம்பமாட்டேன். போல்ட்டிலும் உடலிலும் முன்மூக்கிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது மச்சான் தேடுவது 1947 என்று ஆண்டு குத்திய இஷாப்பூர். கிடைத்தால் பெட்டியின் நடுவில் வைப்பானாம். ஒரு கண்காட்சியில் அதே மேசையில் .410 ஒன்று கிடந்தது, மரக்கட்டை கூட்டுக்குள் அசையாமல் இருந்தது, விலையும் பாதி. அதை வாங்கு என்று தொலைபேசியில் கெஞ்சினேன். “பாதித் துவக்கடா மச்சான் அது” என்று வைத்துவிட்டான். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.