பொதுச்சொல்லும் பொதுநம்பிக்கையும்: திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி

மொழிபெயர்ப்பை மதிப்பிட வழக்கமாகக் கொள்ளப்பெறும் அளவுகோல்கள் இரண்டு: மூலத்துக்கு உண்மையாக இருத்தல், பெறுமொழியில் இயல்பாக ஒலித்தல். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ தன்னைப் ‘பொது மொழிபெயர்ப்பு’ என அழைத்துக்கொள்கிறது. இவ்வடைமொழி மூன்றாவது அளவுகோல் ஒன்றை வேண்டி நிற்கிறது. பிளவுபட்ட வழக்குகளையுடைய மொழிச் சமூகங்களுக்கு இப்பனுவல் எந்த அளவுக்குப் பொதுவாயிற்று என்னும் வினாவே அது. மொழியியலாரின் கவனத்துக்கு உரிய வினாவும் இதுவே.

இம்முயற்சியின் பின்னணி உலகளாவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறித்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1965இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 22ஆம் பிரிவு, பிரிந்துள்ள சகோதரருடன் இணைந்து விவிலியத்தை மொழிபெயர்க்க இசைவு தந்தது. 1968இல் வத்திக்கானின் ஒன்றிப்புச் செயலகமும் உலக விவிலியச் சங்கங்களின் கூட்டமைப்பும் கூட்டுமொழிபெயர்ப்புக்கான நெறிமுறைகளை வகுத்தன. அவை 1987இல் திருத்தப்பெற்றன. தமிழில் இப்பணியைத் திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் முன்னெடுத்தன. திருமுறை நூல்களின் எண்ணிக்கை பற்றிய பழைய பூசல், ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்னும் தனிப் பகுதியை இரு ஏற்பாடுகளுக்கும் இடையே அமைத்ததால் தீர்ந்தது. அச்சுக்கோப்பில் தீர்க்கக்கூடிய சிக்கல் அது. சொற்கோப்பில் எழுந்த சிக்கல் அத்தனை எளிதன்று.

முதலில் இயற்பெயர்களை நோக்கலாம். கத்தோலிக்க வழக்கில் நெடுங்காலம் சேசு, இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர் என்றும், சீர்திருத்தச் சபை வழக்கில் இயேசு, பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்றும் வழங்கின. பொது மொழிபெயர்ப்பு ஏறத்தாழ முழுவதும் பின்னைய வரிசையையே ஏற்றது. கத்தோலிக்கர் விட்டுக்கொடுத்தனர் என்று இதனைச் சுருக்கிக் கூறிவிடலாம். ஆயினும் விடப்பட்டது என்ன என்பது கருதத்தக்கது. சின்னப்பர் என்பது இலத்தீன் பெயரின் ‘சிறியவர்’ என்னும் பொருளைத் தமிழாக்கியது. அருளப்பர் என்பதில் எபிரேயப் பெயரிலுள்ள இறையருள் என்னும் கருத்து தங்கியுள்ளது. இராயப்பர் என்பதைத் தெலுங்கில் கல்லைக் குறிக்கும் ‘ராயி’ என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். இவை ஒலிபெயர்ப்புகள் அல்ல, பெயரையே மொழிபெயர்த்தவை. பேதுரு, பவுல், யோவான் ஆகியவையோ தமிழ்ச் செவிக்குப் பொருள் தராத ஒலித்தொடர்கள்.

பொருள் தராமையே இங்குப் பொதுமைக்குத் துணைநின்றது. மத்தேயு 16:18இல் கிரேக்க மூலம் பேதுருவின் பெயரையும் பாறை என்னும் சொல்லையும் இணைத்து ஒரு சொல்விளையாட்டை அமைக்கிறது. உரோமைத் தலைமை பற்றிய கருத்து வேறுபாட்டில் இரு தரப்பும் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் வசனம் இது. கல் என்னும் பொருள் வெளிப்படத் தெரியும் பெயரை அங்கு வைத்தால் மொழிபெயர்ப்பே ஒரு தரப்பின் வாதமாகத் தோன்றும். ‘பேதுரு’ அத்தகைய சுமை எதையும் ஏற்பதில்லை. சொல்விளையாட்டு இழப்புக்குள்ளாயினும் பூசல் தவிர்க்கப்பட்டது. இயற்பெயர்களில் பொது மொழிபெயர்ப்பு பெற்ற வெற்றிக்கு இதுவே காரணம் எனலாம். இராயப்பன், சின்னப்பன், சூசை போன்ற பெயர்கள் பனுவலை விட்டு நீங்கிய பின்னும் ஊர்மக்களின் பெயர்களாக வாழ்ந்துகொண்டிருப்பது வேறு செய்தி.

இயற்பெயர்களில் கண்ட நிதானம் சமயக் கலைச்சொற்களில் காணப்படவில்லை. இதனை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ காலத்தில் போர்த்துக்கீசியச் சொற்கள் மிகுதியாக வழங்கின. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் அவற்றினிடத்தில் வடசொற்களைப் பெரிதும் புகுத்தினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சமயக் கோட்பாட்டில் இயேசு சபையினருக்கு எதிர்முகாமில் நின்றவர். ஆயினும் சொற்களை அவர்களுடைய தமிழ் நூல்களிலிருந்தே பெரிதும் எடுத்துக்கொண்டார். இறைவனைக் குறிக்கச் ‘சர்வேசுரன்’ என்னும் கத்தோலிக்கச் சொல்லையே அவர் ஆண்டார். பெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றும், 1871இல் முழுமையுற்ற போவர் பதிப்பு ‘தேவன்’ என்றும் மாற்றிய பின்னரே இச்சொல்லில் பிளவு உறுதிப்பட்டது.

இறைப்பெயரில் பிளவு நேர்ந்தபோதும் அதனைச் சூழ்ந்த சொற்குழுவின் பெரும்பகுதி பொதுவாகவே நிலைத்தது. பிதா, ஞானஸ்நானம், ஆத்துமா, மோட்சம், விசுவாசம் ஆகியன இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரு மரபினரின் செபங்களிலும் ஒலித்தவை. ‘பரமண்டலம்’ என்னும் சொல்லுடனேயே இரு சாராரும் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினர். கத்தோலிக்கச் சிறுவர்கள் மனப்பாடம் செய்த விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்னும் மூன்று செபங்களில் ‘விசுவாசம்’ இறைப்பற்றுறுதியையும் ‘நம்பிக்கை’ வருங்கால நன்மையை எதிர்பார்த்திருத்தலையும் குறித்தன. போவர் பதிப்பிலும் இதே பங்கீடுதான். ஒரே வகுப்பறையில் பயிலாத இரு குழுவினர் ஒரே பொருட்பாகுபாட்டைப் பேணிவந்தனர் என்பது மொழியியல் நோக்கில் வியக்கத்தக்கது.

பொது மொழிபெயர்ப்பில் விசுவாசத்தின் இடத்தை ‘நம்பிக்கை’ பெற்றது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்தது. பிதா ‘தந்தை’ ஆனார். ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆயிற்று. பரமண்டலம் ‘விண்ணுலகு’ ஆயிற்று. இம்மாற்றங்களில் பலவற்றைச் சங்கத்துக்குப் பிந்திய வழிபாட்டுச் சீர்திருத்தத்தின்போதே கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிவிட்டிருந்தது. எனவே கத்தோலிக்க வாசகருக்கு 1995ஆம் ஆண்டுப் பனுவல் ஏற்கெனவே பழகிய திசையில் வைத்த அடுத்த அடி. சீர்திருத்தச் சபை வாசகருக்கோ அது அயலானது. பொதுவாக இருந்த சொற்களை நீக்கி, ஒரு தரப்புக்குப் பழக்கமாகிவிட்ட சொற்களைப் பொது என்று அறிவித்ததாகவே அவ்வாசகர் அதனை உணர்ந்திருத்தல் கூடும். அவ்வுணர்வைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது முறையாகாது.

இம்மாற்றத்தை உந்தியது சபைப் பற்றும் அன்று. 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதனைத் தொடர்ந்து திராவிட அரசியல் வளர்த்த மொழியுணர்வும் வடசொல்லுக்கும் தமிழ்ச்சொல்லுக்கும் அரசியல் அடையாளம் அளித்தன. நற்செய்தி, இறையாட்சி, இறைவாக்கினர், மீட்பு போன்ற தேர்வுகள் அச்சூழலின் விளைவுகள். சபை வேற்றுமைகளைக் கடக்க முனைந்த பனுவல், தமிழ்ச் சமூகத்தின் மற்றொரு பற்றுக்குள் நின்றே அதனைச் செய்தது. இதில் இழிவு ஏதுமில்லை. தத்துவ போதகரின் வடசொற்களும் அவர் காலத்துச் சமூக மதிப்பீட்டுக்கு உட்பட்டவையே. சபைக்கு வெளியே நிற்கும் தமிழ் வாசகருக்கு உபாகமத்தைவிட ‘இணைச் சட்டம்’ தெளிவாகப் புரியும் என்பதும் உண்மை. திருமுழுக்கு என்பது அழகிய ஆக்கம். ஆனால் தெளிவும் பொதுமையும் ஒன்றல்ல. அவை முரண்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளர் தெளிவின் பக்கமே சாய்ந்துள்ளனர்.

விசுவாசம் என்னும் சொல்லை விலக்கியதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. பொதுத் தமிழில் அச்சொல் இப்போது தலைவனுக்குத் தொண்டன் காட்டும் பற்றையும், எசமானுக்கு ஏவலாள் காட்டும் நன்றியையும் குறிக்கிறது. ‘கட்சி விசுவாசி’ என்னும் தொடர் நாளிதழ்களில் அன்றாட வழக்கு. இறைப்பற்றுக்கும் அரசியல் பற்றுக்கும் ஒரே சொல் வழங்குவது மயக்கம் தரும் என்று மொழிபெயர்ப்பாளர் அஞ்சியிருந்தால் அதில் வியப்பில்லை. எனினும் கிரேக்கத்தின் ‘பிஸ்திஸ்’ இவ்விரு பொருட்கூறுகளையும் உடையதே. நம்புதல் அதன் ஒரு கூறு. வாக்குப் பிறழாது உண்மையாய் நிற்றல் மற்றொன்று. பவுலின் திருமுகங்களில் அச்சொல் கிறிஸ்துவின் மேல் மனிதர் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்கிறதா, கிறிஸ்துவின் உண்மைத்தன்மையைக் குறிக்கிறதா என்று அறிஞர் இன்றும் வாதிடும் இடங்கள் உள. ‘விசுவாசம்’ அவ்விருமையைத் தாங்கவல்லது. ‘நம்பிக்கை’ முதற்கூறோடு நின்றுவிடுகிறது. கட்சிக்கும் சபைக்கும் உரியதாகச் சுருங்கிய சொல்லை அவற்றுக்கு அப்பாலான பற்றுக்கு மீட்டுத் தரும் வாய்ப்பும் இதனால் கைநழுவிற்று.

எதிர்நோக்கு என்னும் ஆக்கம் இன்னும் ஐயத்துக்குரியது. வினையாக வரும்போது அது நன்மை தீமை இரண்டற்கும் பொது: விருந்தினரையும் எதிர்நோக்கலாம், இடரையும் எதிர்நோக்கலாம். நல்லது நிகழும் என்னும் உறுதி அதன் பொருட்கூறுகளில் இல்லை. இருப்பினும் வழிபாட்டில் இடைவிடாது பயின்றதன் பயனாகக் கத்தோலிக்க வழக்கில் அப்பொருள் அச்சொல்மேல் படிந்துவிட்டது. 2025ஆம் யூபிலி ஆண்டின் மையக்கருத்து தமிழில் ‘எதிர்நோக்கு’ என்றே தடையின்றி வழங்கியது. அகராதிப் பொருள் போதாத இடத்தையும் பயிற்சி நிரப்பும் என்பதற்கு இது சான்று. பயிற்சி இல்லாத இடத்தில் அதே சொல் வெறும் அகராதிச் சொல்லாகவே நிற்கும் என்பதும் இதனால் பெறப்படும்.

பனுவல் பெற்ற வரவேற்பு இதனை உறுதிப்படுத்துகிறது. கத்தோலிக்க வழிபாட்டில் அது நிலைபெற்றுவிட்டது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் போவர் பதிப்பே பெரும்பாலும் வாசிக்கப்பெறுகிறது. போவர் பதிப்பும் ஒரு காலத்தில் ஒற்றுமை முயற்சிதான். பல மிஷன் சங்கங்களுக்குப் பொதுவாக அமையவேண்டும் என்பதனாலேயே அது ‘யூனியன்’ பதிப்பு எனப்பட்டது. லுத்தரன் சபையினர் நெடுங்காலம் அதனை ஏலாது பெப்ரீஷியஸின் பதிப்பையே போற்றினர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபையினர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோது, அதில் இணைந்த தமிழர்க்குப் போவரின் சொற்கள் பல தலைமுறைகளாகப் பழகியிருந்தன. அங்கு ஒன்றாக வாசித்த பழக்கம் முந்தியது. அமைப்பு வழியான ஒன்றிப்பு பிந்தியது. 1995இல் பனுவல் முந்தியது; ஒன்றாக வாசிக்கும் களம் இன்னும் அமையவில்லை.

ஒன்றிப்பைக் குறிக்கும் சொல்லே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒவ்வோர் ஆண்டும் சனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்படும் செப வாரத்தைக் கத்தோலிக்கர் ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு’ வாரம் என்பர். சீர்திருத்தச் சபையினர்க்கு இயல்பாக வருவது ‘ஐக்கியம்’. போவர் பதிப்பில் யோவானின் முதல் நிருபத்தில் இடம்பெறும் இச்சொல், வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம் எனச் சபை வாழ்வின் அன்றாடப் பெயராகவும் வேரூன்றியுள்ளது. பொதுத் தமிழிலோ ஐக்கிய முன்னணி, ஐக்கிய நாடுகள் என அரசியல் கூட்டுகளுக்கு அது உரியதாயிற்று. திருத்தூதர் பணிகள் 2:42இல் பொது மொழிபெயர்ப்பு ஆளும் ‘நட்புறவு’ இவ்விரண்டையும் தவிர்க்கிறது. அப்பம் பிட்டு உடைமையைப் பகிர்ந்து வாழ்ந்த குழுவின் பிணைப்பைக் குறிக்க அச்சொல் மெலிந்தது. அண்டை நாடுகளுக்கிடையேயும் நட்புறவு உண்டு. ஆயினும் அவ்வாரத்தில் இரு சாராரும் ஒருங்கே கூடும் வழிபாடுகளில் ஒன்றிப்பு என்று ஒருவர் சொல்ல ஐக்கியம் என்று மற்றவர் கேட்டுக்கொள்வதற்குத் தடை ஏற்படுவதில்லை. ஒருவர் வழக்கை மற்றவர் உட்கொள்ளும் இவ்விருவழக்குத் திறன் எவ்வாறு உருவாகிறது, எச்சொற்களில் தடைப்படுகிறது என்பதைக் களஆய்வு கொண்டு பதிவுசெய்த பின்னரே அடுத்த திருத்தக் குழு சொற்பட்டியலைக் கையிலெடுத்தல் நலம்.