படுக்கைக் கணக்கில் ஊதியம்

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைந்த ஜெகதீஷ் பிரசாத் குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்துக்கு ஓர் அளவுகோலை வகுத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் வரை குறையலாம். 50-க்கு மேல் என்றால் 25 சதவீதம் வரை. அதற்கும் சிறிய இடத்தில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

இந்தப் பரிந்துரையின் தகுதி ஐயத்துக்கு இடமற்றது. ஒரே படிப்பு, ஒரே நர்சிங் கவுன்சில் பதிவு, ஒரே வேலை; சம்பளத்தை மட்டும் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட முடியாது என்று அது துணிந்து சொன்னது. குறை அதன் முறையில் இருக்கிறது. படுக்கைகளை எண்ணுவது எளிது, சரிபார்க்கவும் முடியும். ஆனால் அந்த எண்ணிக்கை வேலையின் கனத்தையும் காட்டாது, மருத்துவமனையின் வருவாயையும் காட்டாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. இதய சிகிச்சைக்கென்றே நடக்கும் 40 படுக்கை மருத்துவமனையில் வெண்டிலேட்டர் அருகே இரவு முழுக்க நிற்பவருக்கு, இந்தக் கணக்கில் கிடைப்பது அடித்தட்டு ஊதியமே.

அந்த அடித்தட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி, 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். மத்திய அரசுச் செவிலியருக்கு 44,900. பட்டமோ பட்டயமோ முடித்து உயிர்காக்கும் பணியில் இருப்பவருக்குக் குழு கொடுத்த உயரம் கடைநிலையிலிருந்து 2,000 ரூபாய்தான். அதையாவது விலைவாசியோடு பிணைத்திருக்கலாம், பிணைக்கவில்லை. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது அந்த 18,000, 27,000 ஆகிவிட்டது. குழுவின் 20,000 நின்ற இடத்திலேயே நின்றது.

இதனினும் பெரிய குறை, பணம் எந்த வழியில் வரும் என்பதைப் பரிந்துரைகள் தொடாதது. ஆயுஷ்மான் பாரத் போன்ற அரசுக் காப்பீட்டில் படுக்கை, உணவு, செவிலியர் பணி எல்லாம் ஒரே தொகுப்புக் கட்டணத்துக்குள் கரைந்துவிடுகின்றன. அந்தத் தொகையில் செவிலியருக்குரிய பங்கு எவ்வளவு என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத பங்கில்தான் நிர்வாகம் முதலில் கை வைக்கும்.

அரசுச் சம்பளத்தையே அளவையாகக் கொண்டதும் முழுமையான தீர்வல்ல, ஏனெனில் அந்த அளவையும் ஒன்றாக இல்லை. நிரந்தரச் செவிலியருக்கு மாநிலக் கருவூலம் அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் சேர்த்துக் கொடுக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணமோ மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில், திட்டக் காலத்துக்கு மட்டும் ஒப்புதல் பெற்று வருவது. அதில் அமர்த்தப்படுபவர் ஒப்பந்த ஊழியராகவே நிற்கிறார். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் தேறி வந்தவர்களுக்குக் கிடைத்தது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அது 14,000 ஆனது, 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடிய பிறகு. அரசே இப்படிக் கொடுக்கும்போது, தனியாரிடம் எந்த அரசுச் செவிலியரைக் காட்டி நிகர் கேட்பது?

கேரளம் தனியார் செவிலியரின் ஊதியத்தைச் சட்டத்தின் வழியே கையாண்டது. சேர்த்தலையிலிருந்து செவிலியர் நெடும்பயணம் புறப்படவிருந்த தறுவாயில், 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியாகி 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் ஆயிற்று. பரிந்துரைக்கு இல்லாத பிடிமானம் அறிவிக்கைக்கு உண்டு. மீறினால் வழக்குத் தொடுக்கலாம். படுக்கைக் கணக்கை மட்டும் கேரளமும் கைவிடவில்லை.

என் தீர்ப்பு இது: குழு வகுத்த நெறி நிற்கும், அதன் கணக்கு நிற்காது. படுக்கை எண்ணிக்கைக்குப் பதில் பிரிவும் பணிச்சுமையும் அளவையாக வேண்டும்; அடித்தட்டு ஊதியம் அகவிலைப்படியோடு நகர வேண்டும்; காப்பீட்டுத் தொகுப்பில் செவிலியர் ஊதியம் தனி வரியாக எழுதப்பட வேண்டும். மூன்றில் கடைசியை முதலில் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் பணம் கிடையாது.